நூலக அறிவியல் படித்தால் புத்தகம் அடுக்கும் வேலை மட்டும்தானா?



திண்டிவனம் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டம். பி.ஏ. வரலாறு முடித்த மகளை பி.எல்.ஐ.எஸ்., அதாவது நூலக அறிவியல் படிக்க வைக்க உள்கடன் வேண்டும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கறவை மாடு, தையல் மிஷின், பிரசவச் செலவு என்று கேட்டால் உடனே தீர்மானம் எழுதுகிற குழு, இதற்கு அரை மணி நேரம் பேசியது. "புத்தகத்தை அடுக்கி வைக்கிறதுக்கு ஒரு வருஷம் படிக்கணுமாக்கா?" என்று ஒருவர். "கவர்மெண்ட் வேலை கிடைக்கும்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?" என்று இன்னொருவர். "அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கு வச்சுக்கலாமே" என்று மூன்றாவது குரல். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.

கல்யாணக் கேள்வி அந்த வீட்டு விஷயம், அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் நியாயமான கேள்விகள். கடன் கொடுப்பது நம் எல்லோருடைய சேமிப்பிலிருந்துதானே? தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்கள் சேரும் ஓராண்டுப் படிப்பு இது. தமிழ், வரலாறு, கணக்கு, வேதியியல் என எது படித்திருந்தாலும் சேரலாம். சில பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் கேட்கும். இதற்கு மேல் எம்.எல்.ஐ.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

புத்தகம் அடுக்குவது இதில் சின்ன பங்குதான். ஆயிரக்கணக்கான தாள், புத்தகம், படம், கோப்பு இவற்றைப் பிரித்து, பெயர் கொடுத்து, கேட்டவர் கையில் கேட்டதை உடனே கொடுப்பதுதான் படிப்பின் சாரம். உங்களுக்குத் தெரிந்த மல்லாட்டையை வைத்தே சொல்கிறேன். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மல்லாட்டை விதையில் டி.எம்.வி. என்று ரகப் பெயர் வருகிறதே, அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பதுதான். அந்த மாதிரி இடத்துக்கு ஒரு விவசாயி வந்து, "எங்க பக்கம் போன வருஷம் மல்லாட்டை இலையில புள்ளி விழுந்துச்சே, அதைப் பத்தி எழுதினது ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். என்ன பயிர், அதில் எந்தப் பாகம், அதற்கு என்ன ஆனது, எந்த ஊர், எந்த வருஷம் என்று நூலகர் அந்தக் கேள்வியை மனதுக்குள் உடைத்துக்கொள்வார். இப்படிப் பிரித்து எண் போடும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். 1933-ல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். கோலன் பகுப்பு முறை என்பார்கள்.

ரங்கநாதன் முதலில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அவருக்கே அந்த வேலை பிடிக்கவில்லை, திரும்ப வகுப்பறைக்கே போகப் பார்த்தாராம். பயிற்சிக்காக லண்டன் போய் அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. பின்னாளில் காசி, டெல்லி, பெங்களூர் என்று பல இடங்களில் வேலை பார்த்தார். தன் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார், அதுவும் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-தான் இன்று நூலகர் தினம். 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப ஏற்பாடு செய்தார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். கிராமத்துக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அரசு வேலை எவ்வளவு?

இதில் மழுப்பக் கூடாது. இடம் குறைவு.

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் சேர்த்து 4,600-க்கும் மேல் இருக்கின்றன. ஆனால் பகுதி நேர நூலகத்தில் வருமானம் கைச்செலவுக்கே பத்தாது. ஊர்ப்புற நூலகர் வேலைக்குச் சான்றிதழ் படிப்பையே தகுதியாகக் கேட்பது வழக்கம். மேல் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். 2023-ல் நூலகப் பணிகளுக்கென்று தனி அறிவிப்பு வந்தது. மாவட்ட நூலக அலுவலர், சட்டக் கல்லூரி நூலகர் போன்ற பதவிகள் அதில் இருந்தன. மொத்த இடங்களோ நூறுக்கும் குறைவு. அரசு கலைக் கல்லூரியில் நூலகர் ஆக வேண்டுமானால் எம்.எல்.ஐ.எஸ். படித்து, நெட் அல்லது செட் தேர்விலும் பாஸ் செய்ய வேண்டும். "சேருங்க, ஆறே மாசத்துல கவர்மெண்ட் போஸ்டிங்" என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு நூலகம் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? பல ஊர்களில் அந்தக் கட்டடம் பிறகு பூட்டியே கிடந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நூறு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்து ரூபாய். வருஷா வருஷம் நாம்தான் கட்டுகிறோம். பூட்டிய கட்டடத்தைப் பற்றி கிராம சபையில் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. திறந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம், படித்த ஒரு பெண்ணுக்கு வேலை.

வேறு எங்கெல்லாம் போகலாம்?

இந்தப் பட்டத்தை ஒரே வேலைக்கான சாவியாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். வெவ்வேறு இடங்களில் பிழைக்கக் கற்றுக் கொடுக்கும் தொழிலாகப் பார்த்தால் கதை வேறு. நம் மாவட்டத்தைச் சுற்றியே சொல்கிறேன்.

விழுப்புரம், திண்டிவனம், மயிலம் பக்கம் பொறியியல், பாலிடெக்னிக், செவிலியர், பி.எட். கல்லூரிகள் எத்தனை! முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி. எல்லாவற்றிலும் நூலகம் வேண்டும், பெரிய தனியார் பள்ளிகளிலும் வேண்டும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, அதை மறைக்கவில்லை. பள்ளியில் சேரும்போது நூலகர் என்று சொல்லி எடுத்துவிட்டு ஆபீஸ் வேலையும் பார்க்கச் சொல்வார்கள். சேரும் முன்பே வேலை நேரம், சம்பள ரசீது, பி.எஃப். இருக்கிறதா என்று கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கேட்டால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அங்கே 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 8,000-க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகளைப் பாதுகாக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பூச்சி அரிக்காமல் வைப்பது, ஸ்கேன் எடுப்பது, ஒவ்வொரு படத்துக்கும் இது என்ன சுவடி, எங்கே கிடைத்தது என்று கணினியில் விவரம் பதிவது என்று இந்தத் துறையில் வேலை பல வகை. இந்த விவரப் பதிவுதான் நூலக அறிவியல் படித்தவருக்கு வாகான இடம். வெறும் டைப்பிங் தெரிந்தவரால் அதைச் சரியாகச் செய்ய முடியாது.

சென்னை போகத் துணிந்தால் கதவு இன்னும் அதிகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, பழைய தமிழ்ப் புத்தகமும் நோட்டீசும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பை வைத்து 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே வந்தது. நாம் பொட்டலம் மடிக்கும் தாளைக்கூட அங்கே பத்திரப்படுத்துவார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், பத்திரிகை அலுவலகங்களின் பழைய கோப்புப் பிரிவு, பதிப்பகம், வக்கீல் நிறுவனங்கள் என்று இன்னும் இருக்கின்றன. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தார்கள்.

ஒரு பெண் கல்யாணமாகி ஊர் மாறினாலும் இந்தப் படிப்பு கூடவே வரும். பள்ளியில் தொடங்கி, கல்லூரிக்கு மாறி, பிறகு ஸ்கேன் வேலைக்குப் போகலாம். இப்படி மாற்றி மாற்றிப் போவதை வீட்டில் "நிலையில்லாத பொண்ணு" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலை கூடுதலாகக் கற்றுக்கொள்கிறாள் அல்லவா?

சேர்வதற்கு முன்

இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் அஞ்சல் வழியிலும் படிக்கலாம். வீட்டிலிருந்தே படிப்பதால் விடுதிச் செலவு மிச்சம். ஆனால் எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் படிப்பை அஞ்சல் வழியில் நடத்த அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நடுவில் இருக்கும் ஏஜெண்ட் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

கணினி தெரியாமல் இன்று நூலகர் ஆக முடியாது. கோஹா என்று ஒரு இலவச மென்பொருள், நியூசிலாந்தில் உருவானது, நம் கல்லூரிகள் பலவற்றில் அதில்தான் புத்தகக் கணக்கு ஓடுகிறது. படிக்கும்போதே அதைப் பழகிக்கொண்டால் வேலை கேட்கும் இடத்தில் பேச்சு சுருக்கமாக முடியும். தமிழில் தட்டச்சும் ஆங்கிலத்தில் நாலு வரி கடிதமும் எழுதத் தெரிய வேண்டும்.

குழுவுக்கு ஒரு யோசனை. கடனை மொத்தமாகக் கொடுக்காமல், சேர்க்கைக் கட்டணத்துக்கு ஒரு பாகம், தேர்வுக் கட்டணத்துக்கும் கணினிப் பயிற்சிக்கும் ஒரு பாகம் என்று பிரித்து, ரசீதைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மகள் சம்பாதித்துத்தான் கட்டுவாள் என்று தவணை போட வேண்டாம், முதல் வேலைக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். தாயின் வருமானத்துக்குத் தாங்குகிற தவணையாக இருக்கட்டும்.

விண்ணப்பம் வாங்கும் முன்பே பிள்ளையைத் திண்டிவனம் கிளை நூலகத்துக்கோ விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்துக்கோ ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அங்கே உள்ள நூலகரிடம் சம்பளம், வேலை, தொல்லை எல்லாவற்றையும் நேரில் கேட்கட்டும்.