பழைய அட்டையும் புதிய பலகையும்

கணினியின் தாய்ப்பலகையை மாற்ற நேரும்போது, பழைய வரைகலை அட்டையையும் மாற்றித்தான் ஆகவேண்டுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. திரையிலே தோன்றும் காட்சிகளைத் தீட்டிக் கொடுப்பது இவ்வட்டையே; கடைகளில் இதனைக் ‘கிராபிக்ஸ் காட்’ என்பர். விலையோ சிறிதன்று. ஆகவே வீசிவிடுமுன் ஆராய்வது நன்று.

முதலிற் பார்க்கவேண்டியது செருகுவாய். 1997 முதல் சில ஆண்டுகள் வழங்கிய ஏ.ஜி.பி. வகை அட்டையாயின் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. இன்றைய பலகைகளில் அதற்கு இடமே இல்லை. அதன்பின் பரவிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகையாயின் செருகுவாய் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. 2007 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்புக்குரிய அட்டை, 2019 இல் வகுக்கப்பட்ட ஐந்தாம் பதிப்புச் செருகுவாயிலும் பொருந்தும். பேரன் ஒருவன் பாட்டனாருடன் செல்கையில் நடையைத் தளர்த்துவதுபோலப் பலகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதை புதிது என்பதால் அட்டையின் வேகமும் கூடிவிடும் என்று எண்ணுவது மட்டும் வீண் ஆசை.

அடுத்தது மின்வலு. செருகுவாய் 75 வாற்று வரையே கொடுக்கும். மிகுதியை மின்வழங்கியின் வடங்கள் தரவேண்டும்: ஆறு ஊசி இணைப்பு 75, எட்டு ஊசி இணைப்பு 150. 2010 இல் வெளிவந்த என்விடியாவின் ஜீ.டீ.எக்ஸ். 580 அட்டை ஏறத்தாழ 244 வாற்று உண்பது. அதற்கு இவ்விரண்டும் வேண்டும்.

ஆனால் ஆளை ஏமாற்றும் இடர் வேறொன்று. அட்டை பொருந்தியிருக்கும், விசிறியும் சுழலும், திரையோ இருண்டு கிடக்கும். பழுதென்று நல்ல அட்டையை எறிந்துவிடுவோரும் உண்டு. காரணம் இதுதான்: கணினி விழித்தெழும்போது திரையில் முதலெழுத்தைக் காட்டும் சிறு செய்நிரல் அட்டையிலேயே பதிந்துள்ளது. ஏறக்குறைய 2012 க்கு முந்திய அட்டைகளிற் பெரும்பாலானவை பயோஸ் என்னும் பழைய முறையை மட்டுமே அறியும். புதிய பலகைகளோ யூ.ஈ.எப்.ஐ. முறையிலே தொடங்குவன. இரண்டுக்குமிடையே துபாசியாக நிற்பது சீ.எஸ்.எம். என்னும் அமைப்பு. பல பலகைகளில் அது அணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அறவே இராது. இதனைப் பலகையின் கைந்நூலிற் பார்க்கலாம். பணம் கொடுக்குமுன் பார்ப்பதே பயன்.

அணைந்திருப்பதை இயக்குவதற்கும் திரை தெரியவேண்டுமே! புதிய அட்டையொன்றை இரவல் வாங்கிச் செருகி, அமைப்பை மாற்றியபின் பழையதைப் பொருத்தலாம். செயலியிலேயே காட்சி வசதி இருப்பின் அதனைக் கொண்டும் முயலலாம். சில பலகைகள் அப்போது இடந்தரா. சீ.எஸ்.எம். இயங்கும்போது ‘செக்கியூர் பூட்’ என்னும் காவல் இயங்காது என்பதும் நினைவிலிருக்கவேண்டும்.

எஞ்சியது இயக்கி மென்பொருள். 2012 இல் வந்த கெப்ளர் குடும்ப அட்டைகளுக்கே, புதிய விளையாட்டுக்களுக்கான இயக்கிகளை என்விடியா 2021 இல் நிறுத்திவிட்டது. எழுத்து வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் அவை இன்னும் போதும்.