இராவதி கார்வே அளந்த மண்டை ஓடுகள்

புணே டெக்கன் கல்லூரியின் மானிடவியல் ஆய்வுகளுக்கு முகவரி தந்த இராவதி கார்வே, 1920-களின் இறுதியில் பெர்லினில் ஆய்வு மாணவி. அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், பிற்காலத்தில் நாஜிகளின் இனக் கொள்கைக்கு அறிவியல் பூச்சு கொடுத்தவர்களில் ஒருவர். வெள்ளையரின் மண்டை ஓட்டில் இடமும் வலமும் சமமாக இருக்காது, அவர்களின் பகுத்தறிவு மேலானது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவர் நம்பினார். அதைச் சோதிக்கும் பொறுப்பு கார்வேக்கு வந்தது. முன்பு ஜெர்மானியக் காலனியாக இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவை உட்பட 149 மண்டை ஓடுகளை அளந்தார். கோணல் எல்லாவற்றிலும் இருந்தது. அதற்கும் இனத்துக்கும் தொடர்பே இல்லை. வழிகாட்டியின் கொள்கைக்கு எதிரான அந்த முடிவை அப்படியே எழுதிக் கொடுத்தார். இருபதுகளில் இருந்த ஓர் இந்தியப் பெண் வழிகாட்டியின் நிறுவனத்துக்குள்ளேயே இதைச் செய்ததற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

உடலை அளந்து மனிதரைத் தரம் பிரிக்கும் அதே வேலையை இந்தியாவில் மூக்கை வைத்துச் செய்தார்கள். மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதிப் படியில் இடம் தாழும் என்றார் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி. அவர் திரட்டிய அளவுகளைக் கொண்டே அது எங்கும் பொருந்தும் விதியல்ல என்று 1932-இல் காட்டினார் சமூகவியலாளர் குர்யே. பிராமணரும் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களும் வெவ்வேறு இனத்தவர் என்ற கருத்தை மறுக்க, 1948-இல் அம்பேத்கரும் மூக்கு அளவுகளையே சான்றாக வைத்தார். புணே திரும்பிய கார்வே, மகாராஷ்டிரத்தில் ஒரே தொழிற்பெயர் கொண்ட சாதிகள்கூட உடலளவில் ஒன்றுபோல் இல்லை என்று கண்டார். 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் புரத வேறுபாடுகளைக் கணக்கிட்டபோது, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் சில நோய்கள் சில சமூகங்களில் மட்டும் மிகுதியாக இருப்பது ஏன்? நியாயமான கேள்விதான். அரிவாள் செல் சோகை நந்துர்பார், கட்சிரோலிப் பழங்குடிகளிடம் உண்டு. நீலகிரியிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கிரேக்கத்திலும் உண்டு. இந்த இடங்களை இணைப்பது தோல் நிறமல்ல, மலேரியா. ஆரிய வைசியரிடம் ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் காரணத்தைப் பாருங்கள்: தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் ஒரு சில முன்னோரின் மரபணு அங்கேயே பெருகியது. இந்திய மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தவர்கள் என்று 2013-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அகமணக் கட்டுப்பாடு இறுகியது அதற்குப் பிறகுதான். சமூகம் போட்ட விதி உடலில் தடம் பதித்திருக்கிறது. அந்தத் தடத்தைக் காட்டி விதியை இயற்கை என்று சொல்வது தலைகீழ் வாதம்.

ஆரிய வைசியரிடம் அதிகமாகக் காணப்படும் அந்த நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தினால், சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய சுவாசம் திரும்ப மணிக்கணக்காகலாம். எனவே உறவினர் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கு உதவப்போவது உங்கள் குடும்ப வரலாறும் ஒரு ரத்தப் பரிசோதனையும்தான்.