ஸ்வெட்டர் இருக்கு, குல்லா இருக்கு... கூலிங் கிளாஸ் இருக்கா? லடாக் போகிறவர்கள் மறந்துவிடும் வெயில்!

லடாக் டூருக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? தெர்மல், குல்லா, கையுறை, ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், தைலம், மறக்காமல் ஒரு பாக்கெட் புளிக்காய்ச்சல். குளிருக்கான ஏற்பாடெல்லாம் பக்கா. வெயிலுக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘நாம பார்க்காத வெயிலா?’ என்று சிரிப்பார்கள்.

நியாயமான சிரிப்புதான். வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரியைப் பார்த்து வளர்ந்தவர்களிடம், 20 டிகிரி அடிக்கிற லே நகரத்தின் வெயிலைப் பற்றி எச்சரித்தால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால், நான்கு நாள் சுற்றிவிட்டு அதே ஆள்கள் திரும்பி வரும்போது பாருங்கள். மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நமக்கு வெயில் என்றாலே சூடுதான். தோலைக் கருக்குவதும் கண்ணைக் காயப்படுத்துவதும் அந்தச் சூடு இல்லை, புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, மேலே பட்டால் சுடவும் செய்யாது. ஊரில் வியர்த்துக் கொட்டும், தலை காயும், நாமாகவே நிழலைத் தேடி ஒதுங்கிவிடுவோம். மலையில் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதே இல்லை. ‘ஆஹா, இதமா இருக்கே’ என்று முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம்.

உயரம் ஏற ஏற...

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவிகிதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. கதிரை வழியிலேயே தடுத்து, சிதறடிக்கும் காற்று மேலே போகப் போக மெலிந்துவிடுவதுதான் காரணம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. கர்துங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். அதாவது, கடல் மட்டத்தில் விழுவதைப்போல ஒன்றரை மடங்கு.

போதாக்குறைக்கு, லடாக் ஒரு மழை மறைவுப் பிரதேசம். மேகமும் ஈரப்பதமும் குறைவு. டூர் சீசனான ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும், பகல் பொழுதும் 14 மணி நேரம் நீளும்.

இந்தத் தெளிந்த வானத்துக்காகத்தான் வானியல் விஞ்ஞானிகள் மலை ஏறுகிறார்கள். நம் கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் அமைக்கப்பட்டது. இன்று அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இன்னொரு ஆய்வகம் இருக்கிறது. தொலைநோக்கிக்கு வசதியான வானம் நம் தோலுக்கு அவ்வளவு வசதி இல்லை.

வெயில் கீழேயிருந்தும் வரும்

புல்தரையும் மண்ணும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். காய்ந்த மணல் 15 சதவிகிதம் வரை திருப்பும், நூப்ராவின் ஹுண்டர் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி போகிறவர்கள் கவனிக்க. புதிதாக விழுந்த பனியோ 80 சதவிகிதம் வரை திருப்பி அனுப்பிவிடும்.

அதனால், பனியில் நிற்கும்போது தொப்பி மட்டும் போதாது. தாடைக்குக் கீழே, மூக்குத் துவாரத்தை ஒட்டி, காதுமடலின் பின்புறம் என்று வெயிலே படாது என நினைக்கும் இடங்கள் எரிய ஆரம்பிக்கும். மேகமூட்டமாக இருக்கிறதே என்றும் அசட்டையாக இருக்க முடியாது. மெல்லிய மேகம் என்றால் பெரும்பங்கு கதிர் உள்ளே வந்துவிடும்.

இரவில் தெரியவரும் கண் எரிச்சல்

தோல் கறுத்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாம். கண் விஷயத்தில் அந்தத் தைரியம் கூடாது.

பகல் முழுக்கப் பனிப்பந்து வீசி விளையாடிய குழந்தை, ராத்திரி ஹோட்டல் அறையில் கண்ணைத் திறக்க முடியாமல் அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல், நிற்காமல் நீர் வடிகிறது, டியூப்லைட்டைப் பார்த்தாலே கூசுகிறது. ‘ஸ்னோ பிளைண்ட்னெஸ்’ என்கிற பனிக்குருடு இப்படித்தான் இருக்கும். உடம்புத் தோல் வெயிலில் வெந்துபோவதைப்போல, கருவிழியின் மேல்பரப்பு வெந்துபோயிருக்கிறது. பனியில் நின்றபோது எதுவுமே தெரிந்திருக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும். அதனால்தான் பல பெற்றோர்கள் தூசி விழுந்துவிட்டது, ஹோட்டல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு எதையோ சந்தேகிப்பார்கள்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்களில், அதிகம் போனால் மூன்று நாள்களில் தானாகவே ஆறிவிடும். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். அறையை இருட்டாக்கி, கண்ணை மூடவைத்து, குளிர்ந்த ஈரத்துணியை மேலே போடலாம். விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விட வேண்டாம். வலி மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தையும் நீங்களாக வாங்கி விடக் கூடாது, அது கருவிழி ஆறுவதைத் தாமதப்படுத்தும். பார்வை மங்கினாலோ, வலி குறையாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். வருடக்கணக்கில் இந்தக் கதிர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கண்புரைக்கும், கண்ணில் சதை வளர்வதற்கும் அது ஒரு காரணமாகிறது என்பதும் தெரிந்ததுதான்.

கண்ணாடியே இல்லாத காலத்தில் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் மரத்திலும் எலும்பிலும் மூடி செய்து, அதில் கோடுபோல மெல்லிய கீறல் வைத்து, அதன் வழியாகப் பனியைப் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை, கடையில் கேட்டு வாங்கினால் போதும். ஆனால், கேட்டு வாங்க வேண்டும். ‘யு.வி.400’ அல்லது 100 சதவிகிதம் யு.வி பாதுகாப்பு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கும் கறுப்புக் கண்ணாடி ஸ்டைலாக இருக்கலாம். யு.வி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, வெறும் கண்ணைவிட மோசம். இருட்டாக இருப்பதால் பாப்பா விரிந்து, கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். பக்கவாட்டிலும் மூடியிருப்பது நல்லது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்குமேல் மாட்டும் கிளிப்பைக் கேளுங்கள். முக்கியமாக, குழந்தைக்குப் பொம்மைக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள்.

ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும்?

சன் ஸ்கிரீன் விஷயத்தில் நாம் ரொம்பவே சிக்கனம். பட்டாணி அளவு எடுத்து முகமெல்லாம் தேய்த்துவிடுவோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. அது ஏறக்குறைய ஒரு கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும் என்பதால், நான்கு பேர் குடும்பத்துக்கு 50 கிராம் ட்யூப் மூன்று நாளில் காலியாகிவிடும். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள்.

எஸ்.பி.எஃப் 30-க்கு மேல் இருந்தால் போதும். 30 என்பது சுமார் 97 சதவிகிதமும், 50 என்பது 98 சதவிகிதமும் தடுக்கும், 100 என்று போட்டு விலை கூட்டி விற்பதற்கு மயங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் யு.வி-பி கதிருக்கான கணக்கு. யு.வி-ஏ கதிருக்கு ‘பி.ஏ+++’ என்ற குறியைப் பாருங்கள். உதட்டுக்குத் தனியாக எஸ்.பி.எஃப் உள்ள லிப் பாம் வேண்டும். தேங்காய் எண்ணெய் உதட்டு வெடிப்புக்கு இதமாக இருக்குமே தவிர, இந்த வெயிலைத் தடுக்காது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு க்ரீம் வேண்டாம், நிழலும் துணியும்தான். (அந்த வயதில் அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப்போக வேண்டுமா என்று முதலில் குழந்தைகள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.)

‘நம்ம கலருக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்பவர்களுக்கு: மெலனின் ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. சிவந்து கொப்புளமாவது நமக்குக் குறைவு. ஆனால், கரும்படலமும் மங்கும் நமக்குத்தான் அதிகம் வரும். தோல் நிறம் கண்ணுக்குள் போய்க் காப்பாற்றவும் செய்யாது.

காருக்குள்தானே இருக்கிறோம் என்பதும் அரை உண்மைதான். பக்கவாட்டுக் கண்ணாடி யு.வி-பி கதிரைப் பெருமளவு நிறுத்தினாலும் யு.வி-ஏ கதிரில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். பைக்கில் போகிறவர்களுக்குக் கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே ஒரு வளையல் அளவுக்குக் கருத்துப்போகும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகப்பருவுக்கும் தொற்றுக்கும் தரப்படும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நிறுத்திவிடாதீர்கள், கிளம்பும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் நடுவே மலிவான பாதுகாப்பு துணிதான். லடாக் சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களைப் பாருங்கள், பலர் ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள். கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள். ஒரு பருத்தித் துப்பட்டாவோ துண்டோ இருந்தால் நீங்களும் அதையே செய்யலாம். லே மார்க்கெட்டில் கிடைக்கும் ஆப்ரிகாட் எண்ணெயை ராத்திரி முகம் கழுவியபின் வறட்சிக்குத் தடவிக்கொள்ளுங்கள், பகலில் சன் ஸ்கிரீனுக்குப் பதிலாக அல்ல.

செல்போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் ‘யு.வி இண்டெக்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். மூன்றைத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐத் தாண்டினால் உச்சம். மலையில் சிக்னல் இல்லையா? உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம்.

லடாக் எல்லாம் நமக்கெங்கே என்று இதை ஊட்டியில் உட்கார்ந்து படிக்கிறீர்களா? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதோடு, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் ஊட்டிக்கு நேர் உச்சியிலேயே நிற்கும், ஸ்கூல் லீவு விட்டு நாம் எல்லோரும் மலையேறும் அதே நேரத்தில். போட் ஹவுஸில் மதியம் 12 மணிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள், பையிலிருந்து தொப்பியையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.