முதுமைக்கால இணையர் பராமரிப்பு

முதுமைக்கால இணையர் பராமரிப்பு என்பது, அறுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் உடல்நலம், அன்றாட வேலை, மனநலம், பணம் ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் அளிக்கும் துணையைக் குறிக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடாகவும் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடாகவும் இருந்தனர். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் பெரும்பாலும் வாழ்க்கைத் துணையே முதல் பராமரிப்பாளராக உள்ளார்.

பத்தமடைச் சூழல்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். மணமக்களின் பெயர்களை நெய்து தரும் கல்யாணப் பாய் இவ்வூரின் சிறப்பு. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, சாயமேற்றி, வீட்டிலுள்ள தறியில் நெய்கின்றனர். நெசவில் பெண்களின் பங்கு பெரிது. இத்தகைய வீட்டுத் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லை. ஒருவர் நோயில் விழுந்தால் இருவரின் உழைப்பும் குறைகிறது. நோயாளியால் வேலை செய்ய இயலாது, கவனிப்பவருக்கு வேலை செய்ய நேரம் இராது.

பராமரிப்பின் கூறுகள்

மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தல், குளிக்க உதவுதல், மருத்துவமனைக்கு உடன் செல்லுதல், பேச்சுத் துணையாக இருத்தல் ஆகியவை இதில் அடங்கும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். மூட்டுவலியோ பக்கவாதமோ உள்ளவருக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்து எழுவது கடினம். அவரைத் தூக்கிவிடும் துணைவருக்கும் இடுப்புவலி வரும். எனவே கட்டில் இருவருக்கும் உதவும்.

பாலின வேறுபாடு

பெரும்பாலான தம்பதியரில் மனைவி வயதில் இளையவர். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களைவிடக் கூடுதல். இதனால் கணவனை இறுதிவரை கவனிக்கும் மனைவிக்கு, தன் முறை வரும்போது துணை இருப்பதில்லை. மறுபுறம், சமையலோ வீட்டு வேலையோ பழகாத கணவர் மனைவி நோயுறும்போது திகைத்துப்போகிறார். இவ்வேலைகளை முன்னதாகவே பகிர்ந்துகொள்வது பின்னாளில் உதவும்.

பராமரிப்பவரின் நலம்

1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 66 முதல் 96 வயது வரையுள்ளோரை நான்கு ஆண்டுகள் கவனித்தது. துணைவரைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்திற்கு உள்ளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அழுத்தம் இல்லாமல் பராமரித்தவர்களிடம் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. தூக்கமின்மை, தன் மருந்தைத் தவறவிடுதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை பராமரிப்பவர் தளர்ந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். வாரத்தில் சில மணி நேரமாவது பிள்ளைகளோ உறவினரோ பொறுப்பேற்றுக்கொள்வது அவசியம்.

பிரித்து வைத்தல்

சில குடும்பங்களில் செலவைப் பங்கிட்டுக்கொள்ளத் தந்தையை ஒரு மகன் வீட்டிலும் தாயை மற்றொரு மகன் வீட்டிலும் வைக்கின்றனர். இருவருக்கும் உணவும் இடமும் கிடைத்தாலும், பல ஆண்டுகள் கூடவே இருந்த துணையை அவர்கள் இழக்கின்றனர். ஒருவரின் நோயையும் மருந்தையும் நன்கறிந்தவர் அருகில் இல்லாமல் போகிறார்.

சட்டமும் அரசு உதவிகளும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியோர் மனு அளிக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறைச் சிகிச்சை, வலிநிவாரணச் சேவை ஆகியவை வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் முதியோரும் அவர்களைப் பராமரிப்போரும் ஆலோசனை பெறலாம்.