மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்! - களக்காட்டு மலை தந்த ஆராய்ச்சிகள்

நெல்லை மாவட்டம் களக்காட்டில் வாழைத்தோட்டங்களைத் தாண்டி மேற்கே பார்த்தால் மலை. 1988-ல் உருவான தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம், களக்காடு - முண்டந்துறை. புலியைப் பார்க்கும் ஆசையில் அங்கே போகிறவர்கள் பலர். ஆனால், முனைவர் பட்டத்துக்காகப் போன இளம் விஞ்ஞானிகள் சிலர் தேடியதோ தவளையையும் மரநாயையும்!

ஒரு அங்குலத் தவளை

வெண்புள்ளி புதர்த்தவளை. பளிச்சென்ற பச்சை நிறம், நீளம் சுமார் ஒரு அங்குலம். 1876-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இது, பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011-ல்தான் வந்தது.

அது எங்கே முட்டையிடுகிறது? இந்தக் கேள்வியோடு காட்டுக்குள் போனார், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த கே.எஸ்.சேஷாத்ரி. விடை மூங்கிலுக்குள் இருந்தது. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள சிறு துளை வழியாக, உடலைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது தவளை. முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, நேராகக் குட்டித் தவளையே வருகிறது. இந்த ஆய்வு 2015-ல் வெளியானது.

இன்னொரு ஆச்சர்யம், முட்டைகளுக்குக் காவல் இருப்பது அப்பா தவளை. அதை அப்புறப்படுத்திப் பார்த்தபோது, வேறு ஆண் தவளைகள் வந்து முட்டைகளைத் தின்றன. அப்பாவின் காவல் எதற்கு என்பது அப்போது புரிந்தது.

இந்த வகை மூங்கிலைக் காகிதத்துக்காகவும் கூடை முடையவும் வெட்டுகிறார்கள். துளையுள்ள மூங்கில் போனால், தவளையின் பிரசவ அறையும் போகும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்ததே இந்த ஆராய்ச்சியால்தான்.

தொடக்கம் இங்கே...

இதே காட்டில் 1990-களில் பழுப்பு மரநாய்க்கு ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார், திவ்யா முடப்பா. ஊனுண்ணி வரிசையில் வைக்கப்பட்ட அந்த விலங்கு பெரும்பாலும் பழம் தின்று, காட்டுக்கு விதை தூவுகிறது என்று காட்டினார். பின்னாளில் வால்பாறையில் மழைக்காடுகளை மீட்கும் பணியில் இறங்கினார். இங்கே தரைவாழ் தவளைகளைக் கணக்கெடுத்த கார்த்திகேயன் வாசுதேவன், ஹைதராபாத்தில் பாம்பு விஷத்தின் வேதியியலை ஆராய்கிறார்.

இயற்பியல் படிப்பவர்களுக்கும் இதே மாவட்டத்தில் வேலை இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதி இது. அங்கே பகல் வேளையில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் வலுவான மின்னோட்டம் பாய்கிறது. அதைக் கவனிக்கவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் நடத்துகிறது.

எம்.எஸ்ஸி முடித்த பிள்ளை, 'தவளையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறேன்' என்று வந்து நின்றால், 'அதனால என்ன பிரயோஜனம்?' என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை. பதிலை மட்டும் நின்று நிதானமாகக் கேளுங்கள். மூங்கிலுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவே சில வருடங்கள் பிடிக்கும்!