நச்சுயிரி நகரும் மடை

புகையிலைத் தேமல் கண்ட புகையிலை, தக்காளிச் செடிகளுக்கு எந்த மருந்து தெளித்தாலும் குணம் தெரிவதில்லை என்பதை உழவர் பெருமக்கள் அனுபவத்தில் கண்டிருப்பீர்கள். இந்நோயை உண்டாக்கும் நச்சுயிரி இலையின் மேற்பரப்பில் தங்குவதில்லை. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு உள்வழியாகவே செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வை எப்படி அளந்தார்கள் என்று பார்ப்போம்.

வயல் வரப்பில் மடை இருப்பதுபோல் செல்களின் சுவரிலும் மிக நுண்ணிய வழிகள் உண்டு. பிளாஸ்மோடெஸ்மேட்டா என்று பெயர். சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகள் இவற்றின் வழியே போய்வரும்.

மடையின் அகலம் என்ன? 1989-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், ஒளிரும் சாயம் ஏற்றிய பல அளவுள்ள மூலக்கூறுகளைப் புகையிலை இலையின் ஒரு செல்லுக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தி, ஒளிர் நுண்ணோக்கியில் நோக்கினர். ஹைட்ரஜன் அணுவின் எடை 1 எனக் கொண்டால் சர்க்கரை மூலக்கூறின் எடை 342. சாதாரண இலையில் சுமார் 800 எடைக்கு மேற்பட்டவை அடுத்த செல்லுக்குப் போகவில்லை. நச்சுயிரியின் ஒரே ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் புகுத்திய செடியிலோ 9,400 எடையுள்ளதும் கடந்து சென்றது. 17,200 எடையுள்ளது நின்றுவிட்டது. மடையை அகலமாக்குவது அப்புரதமே!

நகரும் வேகத்தை அளக்க வேறு முறை உண்டு. அசோலா மூடிய நெல் வயலில் ஓரிடத்தில் மட்டும் அதை வழித்தெடுத்துப் பாருங்கள். சுற்றிலுமுள்ள அசோலா மிதந்து வந்து அவ்விடத்தை மூடும். விரைவில் மூடினால் நகரத் தடையில்லை. மூடாமலே கிடந்தால், சேற்றில் ஒட்டிக்கொண்டது என்று பொருள். 1976-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செல் சவ்வை ஆராய வகுத்த முறையும் இதுவே. ஓரிடத்தில் லேசர் ஒளியைக் கடுமையாகப் பாய்ச்சினால் அங்குள்ள சாயம் வெளுத்துவிடும், பிறகு ஒளிராது. (சாயம் வெளுப்பது துணிக்காரருக்கு நட்டம், இங்கு அதுவே அளவுகோல்.) ஆகவே மீண்டும் அங்கே தோன்றும் ஒளி, அக்கம்பக்கத்திலிருந்து வந்த மூலக்கூறுகளுடையது. இழந்த ஒளியில் பாதி திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுவர். இலையில் ஒரு செல்லை முழுவதும் வெளுக்கச் செய்தால், மடை எவ்வளவு திறந்துள்ளது என்பதும் தெரியும்.

இலையில் தேமல் தெரியும்போது நச்சுயிரி ஏற்கெனவே பல செல்களைக் கடந்திருக்கும். அந்த இலையை மட்டும் கிள்ளிப் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரித்தல் வேண்டும். கை பட்டாலே இந்நோய் பரவுமாதலால், பீடி, புகையிலை தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே நாற்றைத் தொடவேண்டும்.