இரட்டை அட்டைக் கணிப்பொறிக்கு எத்தனை வாட் வேண்டும்?

மார்கழித் திருவாதிரையை ஒட்டி உத்தரகோசமங்கைக்குச் சென்றிருக்கிறீர்களா? ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராஜரைக் காப்புக் களைந்த நிலையில் காண மக்கள் திரளுவார்கள். அத்தனை கைபேசிகளும் ஒரே கோபுரத்தை நாடினால் இணையம் திணறும். அப்போதும் இணையத்தின் துணையின்றிக் கேள்விகளுக்கு விடை தரும் செயற்கை அறிவுக் கணிப்பொறி ஒன்றை அவ்வூர் வீட்டில் அமைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதைக் கணக்கிடுவீர்கள்? விலையை என்பீர்கள். வாட்டை என்பேன் நான்.

மெட்டா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 'லாமா 3' மாதிரிகளுள் ஒன்றில் சுமார் 7,000 கோடி எண்கள் உள்ளன. எண் ஒன்றுக்கு 16 பிட் என்றால் 140 ஜிகாபைட் நினைவகம் தேவை. பையின் மதிப்பை 3.14 என்று சுருக்குவதுபோல, ஒவ்வோர் எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினால் 35 ஜிகாபைட் போதும். 2020-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3090 என்னும் கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகமோ 24 ஜிகாபைட்தான். ஆகவே இரண்டு அட்டைகள்! வேகத்திற்காக அல்ல, இடத்திற்காக.

இனி மின்சாரம். அட்டைக்கு 350 வாட் வீதம் 700. மற்ற உறுப்புகளுக்கு 200. மின்வழங்கிப் பெட்டியில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். ஆக, சுவரிலிருந்து 1,000 வாட். 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 4.3 ஆம்பியர்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரத்தில் உள்ள கடைசி வீட்டில் மாலை நேரத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்று கொள்வோம். பழைய குண்டு பல்பு மங்கும். அதில் ஓடும் மின்னோட்டமும் குறையும். கணிப்பொறி அப்படியல்ல! தனக்கு வேண்டிய வாட்டை அது எப்படியும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும்: 1,000-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.6 வரும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். 6 ஆம்பியர் சிறு பிளக்கை இதற்கு நம்பக் கூடாது. நில இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அதற்கெனத் தனிக் கம்பியும் வேண்டும்.

இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. விடையின் ஒவ்வொரு சொல் துண்டுக்கும் அந்த 35 ஜிகாபைட் முழுவதையும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும். அட்டை நொடிக்கு 936 ஜிகாபைட் படிக்கும். ஆகவே நொடிக்குச் சுமார் 26 துண்டுகளே உச்ச வரம்பு. கணக்கிடும் பகுதி பெரும்பாலும் எண்கள் வந்துசேரக் காத்திருக்கிறது. மாதிரியின் முன்பாதியை ஓர் அட்டையிலும் பின்பாதியை மற்றதிலும் வைத்தால், கைமாற்றிக் குடம் கொடுப்பவர்கள்போல ஒன்று உழைக்க மற்றது காத்திருக்கும். காத்திருப்பவனுக்கு எதற்கு முழுத் தீனி? ஒரே கட்டளையில் ஒவ்வொரு அட்டைக்கும் 250 வாட் என்று வரம்பு கட்டலாம். துடிப்பு வேகம் சற்றுக் குறைந்தால் சில்லுக்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும்; திறனோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவதால், இழக்கும் வேகத்தைவிட மிச்சமாகும் மின்சாரம் அதிகம்.

இப்போது மொத்தம் 780 வாட்தான். 180 வோல்ட்டிலும் 4.3 ஆம்பியர், முன்பு முழு வோல்ட்டில் வந்த அதே அளவு! ஆனால் மின்வழங்கிப் பெட்டியை 1,000 வாட்டுக்குக் குறைத்து வாங்காதீர்கள். இந்த அட்டைகள் கணப்பொழுதுக்கு வரம்பை மீறித் துள்ளும்.

வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி உண்டு. இரண்டு மணி நேரம் வரும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுக்கும்போது கிடைப்பது. 65 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சினால் ஈய-அமிலப் பாட்டரி அத்தனையும் தராது.

இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் வெளியே செல்வது. அண்டை வீடு என்பதற்காக நம் வோல்ட் உயராது. கூரையில் ஒரு கிலோவாட் பலகை போட்டால் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். நம் கணிப்பொறி நான்கு மணி நேரத்தில் தின்பது 3.1 யூனிட்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ்2' மாதிரியில் சுமார் 110 கோடி எண்களே உள்ளன. 16 பிட்டில் வைத்தாலும் 2.2 ஜிகாபைட். அதற்கு ஒரு சிறிய அட்டையே தாராளம்.